டெட் சார் எழுதிய இங்கிலீஷ் மனு

ஆடி 2, செவ்வாய்

காலையில் தூறல், பிறகு நல்ல வெயில். பீடோங் டவுனுக்கு விறகு ஒரு பாரம். திரும்பும்போது மரவள்ளிக் கிழங்கு ஆறு சாக்கு. இடது மாட்டுக்குக் குளம்பில் புண்.

முதலில் வெட்கத்தை எழுதிவிடுகிறேன். இன்று பாடம் ஒப்பிக்கத் தெரியாமல் டீச்சரிடம் வயிற்றுவலி என்று பொய் சொன்னேன். எனக்கு வயது நாற்பத்தாறு. டீச்சர் நம்பியது போல் தலையாட்டி உள்ளே போய், எதையோ அரைத்து ஒரு கோப்பை நிறையக் கொண்டுவந்தார்.

"குடியுங்கோ. முழுசும்."

குடித்தேன்.

"இப்ப சொல்லுங்கோ. கோ. பிறகு?"

வென்ட் என்றேன். அதற்குள் வயிற்றுவலி உண்மையாகவே வந்துவிட்டது.

கிரேஸ் டீச்சர் யாழ்ப்பாணத்து அம்மா. புருஷன் இல்லை. சண்டைக்கு முன் மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர். ஜப்பான்காரன் பள்ளியைப் பூட்டியதிலிருந்து பீடோங் சந்தைக்குப் பின்னால் கிழங்குப் புட்டு அவித்து விற்கிறார். நான் விறகும் தண்ணீரும் போடுகிறேன், அவர் பாடம் போடுகிறார். இங்கிலீஷ் புத்தகம் கையில் இருந்தால் அடி. அதனால் சிலேட்டு. ஆள் வந்தால் எச்சில் தொட்டு அழிப்பது என் வேலை. இங்கிலீஷில் எனக்கு நன்றாக வருவது இதுவரை அது ஒன்றுதான்.

ஆடி 4, வியாழன்

வெயில். கிழங்கு மூன்று நடை.

ஏன் படிக்கிறேன் என்று ஒரு தடவை எழுதிவைக்க வேண்டும். கோபம் ஆறிப்போய்விடக் கூடாது. எனக்குச் சீக்கிரம் சிரிப்பு வந்துவிடும். அதுதான் என் கெட்ட குணம்.

எங்கள் ரப்பர் தோட்டத்து ஆபீஸ் கணக்கு எழுதும் பெரிய கிராணி. இனி பெ.கி. முழுப்பேர் எழுதினால் காகிதம் வீண்.

இரண்டு வருஷத்துக்கு முன் சயாமில் ரயில் போட ஆள் கேட்டார்கள். பெ.கி. பேர்ப்பட்டியல் எழுதினார். ஜப்பான்காரன் வந்தும் அவர் கைக்கு இங்கிலீஷ்தான் வரும். டவுன் ஆபீசில் கொடுக்கச் சொல்லி என்னிடம்தான் தந்தார். வண்டிக்காரன் என்றால் அதற்கும்தானே. உறை இல்லை, சணல் கட்டு. வழியில் பிரித்துப் பார்த்தேன். எறும்பு வரிசை மாதிரி இருந்தது. ஒரு இடத்தில் மட்டும் ஒரு பேரை அடித்து, மேலே வேறு பேர் எழுதி, பக்கத்தில் தன் சின்னக் கையெழுத்தைப் போட்டிருந்தார். சுருண்ட புழு மாதிரி இருக்கும் அது. மறுபடி கட்டி, கொண்டுபோய் மேசையில் வைத்து, இடுப்பு வளையக் குனிந்தும் வந்தேன்.

மூன்றாம் நாள் லாரி வந்தது. என் தங்கை அஞ்சலையின் புருஷன் வேலு ஏறினான். இன்னும் திரும்பவில்லை.

அடிபட்ட பேர் பெ.கி. வீட்டுச் சமையல்காரனுடையது. அவனே பிறகு என்னிடம் சொன்னான், அழுதுகொண்டு. மேலே எழுதின பேர்தான் வேலு.

என் மச்சானை அனுப்பின காகிதத்தை என் மாடுதான் இழுத்துக்கொண்டு போனது. நான் பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டினேன்.

ஆடி 6, சனி

காற்று. மழை இல்லை.

என் வீட்டு ஆட்கள் பேரை எழுதப் பழகச் சொன்னார் டீச்சர். அஞ்சலை என்று எழுதிக் காட்டினார். வேலு என்று எழுதினார். முதல் எழுத்து அம்பு முனை மாதிரி கீழே பார்த்துக் குத்திக்கொண்டு நின்றது. அந்த முனையை எனக்குத் தெரியும். பட்டியலில் பார்த்த நாளிலிருந்து, இரண்டு வருஷமாகத் தெரியும்.

"என்ன, அழிச்சுப்போட்டியள்? ஆரும் வரேல்லையே."

"தூசிங்க டீச்சர்."

இங்கிலீஷில் எனக்கு இன்னும் வராதவை:

எ, ஆன், த. மூன்றும் எதற்கு? நமக்கு இது இல்லாமலே மாடு மாடாகத்தான் இருக்கிறது.

டூ, டஸ், டிட். கேள்விக்கு முன்னால் பீடோங் முச்சந்தியில் காவல் நிற்கும் ஜப்பான் சென்ட்ரி மாதிரி நிற்கும். அதற்குக் குனியாமல் தாண்ட முடியாது.

ஹீ வந்தால் வினைக்கு வால் முளைக்கும், ஐ வந்தால் வால் விழும். ஏன் என்று கேட்டேன். "அப்பிடித்தான்" என்றார் டீச்சர்.

வந்தது ஒன்று. ஹீ. துரைக்கும் ஹீ, தோட்டிக்கும் ஹீ. அவர், அவன் என்ற பிரிவே கிடையாது. பெ.கி.யை வாய் நிறைய ஹீ என்று சொல்லலாம். வழி முழுவதும் சொல்லிக்கொண்டு வந்தேன். ஹீ கோஸ். ஹீ ஈட்ஸ். ஹீ ஸ்லீப்ஸ். மனம் குளிர்ந்துவிட்டது. மாடுகள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தன.

ஆடி 9, செவ்வாய்

இரவு மழை, காலையில் சேறு. வண்டி ஒரு தடவை புதைந்தது.

பெ.கி. மேல் இங்கிலீஷில் மனு எழுதத்தான் படிக்கிறேன். இன்று அதன் முதல் வரி. வெள்ளைக்காரன் திரும்பி வந்தால் கொடுக்க. டீச்சர் சிலேட்டில் மாதிரிக்கு ஒரு வரி எழுதி அர்த்தம் சொன்னார். 'வேலு என்பவரின் பேர் பட்டியலில் எழுதப்பட்டது.'

"யாரால டீச்சர்?"

"அது சொல்லத் தேவையில்லை. மனு எண்டால் இப்பிடித்தான் மரியாதையா எழுதுறது."

"எழுதப்பட்டதுன்னா பேரு தானா நடந்து போய்ப் பட்டியல்ல உக்காந்துக்கிச்சா? ஆளு எங்க?"

டீச்சர் சிலேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் விடவில்லை.

"இங்கிலீசுல செஞ்சவன் முன்னால வரணும், செஞ்சது பின்னால வரணும்னு நீங்கதானே சொன்னீங்க. எனக்குப் பிடிச்சதே அது ஒண்ணுதான். அவன் முன்னால வரட்டும்."

அழித்துவிட்டு வேறு எழுதினார். ஆள் முதலில் நின்றார். நன்றாக இருந்தது.

ஆடி 11, வியாழன்

வெயில். அஞ்சலைக்கு நேற்று காய்ச்சல், இன்று வேலைக்குப் போய்விட்டாள்.

புக்கிட் செலம்பாவ் பக்கம் ஏரோப்பிளேன் காகிதம் போட்டதாம். வெள்ளைக்காரன் வருகிறான் என்று பேச்சு. ஜப்பான் மேனேஜர் நான்கு நாளாகப் பெரட்டுக்கு வரவில்லை. காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது முழுக்கப் பெ.கி. கையில். முகம் மட்டும் மாறிவிட்டது. மூன்று வருஷமாக ஜப்பான் பாஷையில் ஒஹாயோ சொன்னவர் இன்று என்னைப் பார்த்து, "குட் மார்னிங், டெட் சார்" என்றார்.

இந்தப் பேரும் அவர் வைத்ததுதான். சண்டைக்கு முன் ஒரு நாள் மாடு செத்துப்போனது. கிராணி ஊரில் இல்லை. துரையிடம் நானே போய், "ஐ டெட் சார்" என்றேன். துரை, "வெரி குட், கோ ஹோம்" என்றார். திரும்பி வந்த பெ.கி. இதைக் கேட்டு நாங்கள் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்ச் சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து நான் டெட் சார். நானும் கூடச் சேர்ந்துதான் சிரித்தேன். இப்போது நினைத்தால் அதுதான் எரிகிறது.

"என்ன டெட் சார், மாடு சௌக்கியமா?"

"ரெண்டும் உயிரோட இருக்குங்க ஐயா. ஐயா மாதிரியே."

மனு ஆறு வரி எழுதி முடித்தேன். பழைய செக்ரோல், அதாவது ஆள் பேர்ப்பதிவுத் தாளின் பின்பக்கம், பென்சில். டீச்சர் தப்புகளை விரல் விட்டு எண்ணினார். இரண்டு கை போதவில்லை. ஆனால் தாளில் கை வைக்க மாட்டேன் என்கிறார்.

"என்ர எழுத்தை இந்த ஊரில எல்லாருக்கும் தெரியும். பிடிபட்டால் உங்கட தலையோட என்ர தலையும் போகும். இதில ஏழு தப்பு மோசம். அதையாவது திருத்த வேணும். ஆனால் நான் எழுத மாட்டன்."

நியாயம்தான். வேறு யாருக்கு இங்கிலீஷ் தெரியும் இந்தத் தோட்டத்தில்?

ஆடி 14, ஞாயிறு

ஓய்வு. மாட்டுக்கொட்டகை கழுவினேன். பேன் சீப்பு காணவில்லை.

யாருக்கு இங்கிலீஷ் தெரியும் என்று மூன்று நாளாக யோசித்தேன். இன்று சாணி அள்ளும்போது தோன்றியது. கூடையைக் கீழே வைத்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன்.

அஞ்சலை எட்டிப் பார்த்தாள்.

"என்னாண்ணே, கிறுக்குப் பிடிச்சிருச்சா?"

"ஆமா."

"சரி. கஞ்சி ஆறுது."

ஆடி 15, திங்கள்

மப்பு. மதியம் ஆபீசில் பெ.கி. தனியாக இருந்த நேரம் போனேன். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டேன். எவ்வளவு குனிய முடியுமோ அவ்வளவு குனிந்தேன்.

கோத்தா கோலா மூடா பக்கம் வேறு ஒரு தோட்டத்தில் எனக்குத் தெரிந்தவன் ஒருவன், அவன் தோட்டத்துக் கிராணி மேல் மனு எழுதுகிறான், எனக்குத் தெரிந்த அரை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன், ஐயா பார்த்துத் தர வேண்டும் என்றேன். பேர் வந்த இடங்களை எல்லாம் அழித்துக் கோடு போட்டு வைத்திருந்தேன்.

"நீ எழுதினியா? டெட் சாரா?"

நான்கு நிமிஷம் சிரித்தார். கண்ணைத் துடைத்தார். நானும் சிரித்தேன். இந்தத் தடவை எரியவில்லை.

பிறகு படித்தார். சிரிப்பு நின்றது. கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் அவர் கண் எழுத்தில்தான் இருந்தது. தப்பான இங்கிலீஷைப் பார்த்தால் அவருக்குச் சொறி பிடித்த மாதிரி. மேசை இழுப்பறையைத் திறந்து, கட்டை விரல் நீளம் மிஞ்சியிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்தார்.

"சமையல்காரன் பேரை அடிச்சிட்டு வேற ஒருத்தன் பேரைப் போட்டானாமா?"

"அப்படித்தாங்க சொல்றான்."

"அயோக்கியப் பய. இந்த மாதிரி ஆளாலதான் கிராணிங்களுக்கே கெட்ட பேரு."

"நீங்க சொன்னா சரிதாங்க ஐயா."

"இதெல்லாம் கொழகொழன்னு எழுதக் கூடாது. வேகமா இருக்கணும். பாரு, இங்க ஒரு வார்த்தை சேர்க்கிறேன்."

சேர்த்தார். ஏழு இடத்தில் அடித்துத் திருத்தினார். செக்ரோலில் எதை அடித்துத் திருத்தினாலும் பக்கத்தில் சின்னக் கையெழுத்து போட வேண்டும் என்பது ஆபீஸ் சட்டம். இருபது வருஷமாகப் போட்டுப் பழகின கை. தாளும் செக்ரோல் தாள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் ஒரு புழு.

ஏழு புழு. எண்ணினேன்.

"ஆளு பேரு போடலியா?"

"எழுத்துக்கூட்டத் தெரியலீங்க. கேட்டுட்டு வந்து போட்டுக்கிறேன்."

"பெரிய எழுத்துல ஆரம்பி. மறந்துடாத."

மறக்க மாட்டேன் என்றேன்.

ஆடி 17, புதன்

மழை. தாளை மூங்கில் குழாயில் போட்டு பீடோங் கொண்டுபோனேன். சென்ட்ரி கிழங்குச் சாக்கைக் குத்திப் பார்த்தான், குழாயைப் பார்க்கவில்லை. தாண்டிய பிறகும் குழாயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனேன். அதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

டீச்சர் படித்தார். இது யார் எழுத்து என்றார். சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. இவ்வளவு நாளில் அவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

"அவர் சேர்த்த சொல்லு என்ன டீச்சர்?"

"வில்ஃபுல்லி."

"அப்படீன்னா?"

"தெரிஞ்சுகொண்டு, வேணுமெண்டு செய்தவர் எண்டு அர்த்தம்." சிரிப்பு போய்விட்டது. "நான் இவ்வளவு கடுமையா எழுதியிருக்க மாட்டன்."

கோடு போட்ட இடங்களில் சிலேட்டைப் பார்த்துப் பார்த்து நான் பேர் நிரப்பினேன். மேலே எங்கள் தோட்டம். நடுவில் வேலு. செய்தவன் இடத்தில், முதலில், பெ.கி.யின் பேர், சபாபதி. பெரிய எழுத்தில் ஆரம்பித்தேன். மரியாதைக்கு இல்லை. அதுதான் சட்டம்.

ஆடி 18, வியாழன்

ஆடிப்பெருக்கு. அஞ்சலை கிழங்கைத் துருவிப் புளி ஊற்றிப் புளிச்சோறு என்றாள். சரி என்று தின்றேன்.

நான் கெட்டேன். வாயை அடக்க முடியவில்லை.

காலைப் பெரட்டில் பெ.கி. பேர் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். ஒவ்வொருவராக "இருக்கேன்" என்றார்கள். என் முறை.

"டெட் சார்."

"ப்ரெசன்ட் சார். வில்ஃபுல்லி."

யாருக்கும் புரியவில்லை. அவருக்குப் புரிந்தது. பென்சில் நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார், பின்னால் நின்ற அஞ்சலையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அடுத்த பேரை மறந்துவிட்டார். சனங்கள் இருட்டில் கொசு அடித்துக்கொண்டு நின்றார்கள்.

அஞ்சலைக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும்.

ஆடி 20, சனி

வெயில். மாலையில் பெ.கி. மாட்டுக்கொட்டகைக்கு வந்தார். அவர் கால் அங்கே பட்டதே இல்லை. மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"அந்தத் தாளைக் குடு."

"எந்தத் தாளுங்க?"

"ஜப்பான்காரன்கிட்ட சொன்னா உன் தலை இருக்காது. இங்கிலீஷ்ல மனு எழுதுற."

"சொல்லுங்க ஐயா. அதுல என் எழுத்து பாதி, உங்க எழுத்து பாதி. ஏழு கையெழுத்து யாரோடதுன்னு அவன் செக்ரோலைப் பார்த்தா தெரிஞ்சிடும்."

பெ.கி. மூக்கிலிருந்து துண்டை எடுத்தார்.

"யாருடா உனக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுத்தது?"

"நீங்கதாங்க ஐயா."

பிறகு குரல் இறங்கிவிட்டது. அஞ்சலையைக் கிழங்குக் காட்டிலிருந்து ஸ்டோருக்கு மாற்றுகிறாராம். அரிசி தருகிறாராம், உண்மையான அரிசி. வேறு வழி இல்லாமல்தான் அன்றைக்கு அப்படி ஆகிவிட்டதாம்.

"ஆகிடுச்சா, நீங்க ஆக்குனீங்களா?"

துண்டை மறுபடி மூக்கில் வைத்துக்கொண்டார். இது அஞ்சலை சொல்ல வேண்டியது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியலை நான்தான் கொண்டுபோனேன் என்பதையும். இரண்டு வருஷமாக என்னால் சொல்ல முடியாதது. அவள் என்னைப் பார்க்கவில்லை. அரிவாளில் கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே இருந்தாள்.

"உனக்குப் படிக்கத் தெரியாது. தெரிஞ்சிருந்தா கிழிச்சிருப்ப."

"ஆமா."

"அவனுக்குத் தெரியும்."

பிறகு அரிவாளைக் கீழே வைத்தாள்.

"அரிசி வேணாம்ணே. என் வீட்டுக்காரரு திரும்பி வந்தா அந்தத் தாளை என்ன செய்யணும்னு அவரு சொல்லட்டும். வர்ற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும். ஆனா பெரட்டுல, எல்லாரும் நிக்கும்போது, அவன் வாயால அதை வாசிக்கணும். தமிழ்ல. லாரி ஏறுறப்ப அவருக்கு எதுக்குன்னு யாரும் சொல்லல. இவங்களாவது கேக்கட்டும்."

பெ.கி.யிடம் போய்ச் சொன்னேன். வாசித்தால் வேலு வரும் வரை தாள் எங்கள் வீட்டை விட்டு வெளியே போகாது. வாசிக்காவிட்டால் முதல் வெள்ளைக்காரன் கையில். யோசித்துச் சொல்கிறேன் என்றார். நாளன்னிக்குப் பெரட்டு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆடி 21, ஞாயிறு

தூக்கம் இல்லை. மூட்டைப்பூச்சியும் உண்டு. தாளைப் பார்த்து நானே ஒரு பிரதி எடுத்தேன். புழுக்களை மட்டும் எழுத வரவில்லை.

ஆடி 22, திங்கள்

மழை இல்லை. நட்சத்திரம் தெரிந்தது. விறகு ஏற்றப் போகும் வழியில் வண்டியைப் பெரட்டுக்களத்து ஓரம் நிறுத்தினேன்.

வந்தார். பெ.கி.தான், வெள்ளைச் சட்டையில். பேர் கூப்பிட்டு முடித்தார். எல்லாரும் "இருக்கேன்" சொல்லியாயிற்று. கலையப் போனவர்களை நில்லுங்கள் என்றார். அஞ்சலை மடியிலிருந்து தாளை எடுத்துக்கொண்டு போய், கையில் கொடுக்காமல், அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். நான் லாந்தரைத் தூக்கிப் பிடித்தேன்.

இங்கிலீஷில் பார்த்துத் தமிழில் சொன்னார். சத்தம் வரவில்லை.

"கேக்கலைங்க" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி.

முதலிலிருந்து தொடங்கினார். இந்தத் தோட்டத்தில், பெரிய கிராணியாக இருக்கும் சபாபதி, என்று வந்து நின்றுவிட்டார்.

லாந்தரை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கினேன்.

"பேரு கூப்பிட்டா பதில் சொல்லணும்ல" என்றாள் அஞ்சலை.

அவர் தாளைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார்.

"இருக்கேன்" என்றார்.

பிறகு மிச்சத்தை வாசித்தார். தெரிந்து, வேண்டுமென்று, என்ற இடத்தையும் விடவில்லை. முடிந்ததும் எல்லாரும் வாளியையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவரும் அவருக்குக் கும்பிடு போடவில்லை. அஞ்சலை தாளை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டு கிழங்குக் காட்டுக்குப் போனாள்.

பெ.கி. வாசிக்கும்போது தன் ஓலைத் தொப்பியைக் கழற்றி என் வண்டி முன்பலகையில் வைத்திருந்தார். வலது மாடு பாதியைத் தின்றுவிட்டது. மீதியை எடுத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு போனார்.